கட்டமா, கிறுக்கலா, கேள்விக்குறியா? கணினியில் ரஷ்ய மொழியைப் படிக்கவும் தட்டவும் ஓர் எளிய விளக்கம்

கும்பகோணத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி மருத்துவம் படிக்க ரஷ்யாவின் கசான் நகரத்துக்குப் போயிருக்கிறாள். காவிரிக் கரையிலிருந்து வோல்கா கரைக்கு. போன மாதம் அவளுடைய அம்மா (நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்) மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்குப் பருப்புப் பொடியும் வடகமும் பார்சல் அனுப்ப வேண்டும். விடுதி அலுவலகம் தட்டிக் கொடுத்த முகவரிக் கோப்பை அவள் அனுப்பியிருக்கிறாள். திறந்து பார்த்தால் முகவரி இல்லை. தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகள் வரிசை கட்டி நிற்கின்றன.

கடைத்தெருவில் விசாரித்திருக்கிறார். ஒரு கடையில் "ரஷ்யன் ஃபான்ட் ஏற்ற வேண்டும், 500 ரூபாய் ஆகும்" என்றார்களாம். இன்னொரு கடையில், ரஷ்ய கீபோர்டு தனியாக வரவழைக்க வேண்டும் என்றார்களாம். "எது நிஜம் தம்பி?" என்று கேட்டார்.

இரண்டுமே தேவையில்லை. அவருடைய கணினியில் ரஷ்ய மொழிக்கு வேண்டியது எல்லாம் வாங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். தமிழைக் கணினியில் ஏற்ற நாம் பட்ட பாடு அவர்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தப் பழைய பாடத்தை மனத்திலிருந்து அகற்றத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு மொழி கணினியில் வேலை செய்ய மூன்று காரியம் நடக்க வேண்டும். எழுத்துக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்ணுக்கு ஓர் உருவம் வேண்டும். விரல் தட்டும் விசையிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு வழி வேண்டும். மூன்றும் தனித்தனி. "ஃபான்ட் போட்டால் சரியாகிவிடும்" என்ற பேச்சு இம்மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

எழுத்து என்பது ஒரு புல எண்

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். 'அ' என்றும் 'ஏ' என்றும் நாம் பார்ப்பவை எல்லாம் உள்ளே எண்களாகத்தான் கிடக்கின்றன.

நம் ஊரில் நிலத்தைப் புல எண்ணால் சொல்கிறோம் அல்லவா? 112ஆம் எண் வயல் என்றால் கிராம நிர்வாக அலுவலருக்குப் போதும். ஆனால் எந்த ஊர் 112 என்பது தெரிய வேண்டும். திருவிடைமருதூரில் 112 ஒருவருடைய வயல். வலங்கைமானில் 112 வேறொருவருடைய வயல். ஊர்ப் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால், அலுவலர் தன் கையில் இருக்கும் பதிவேட்டைப் புரட்டித் தவறான வயலைக் காட்டுவார். பதிவேடும் சரி, எண்ணும் சரி, வயல்தான் தவறு.

எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அந்தப் பதிவேட்டுக்குக் குறியேற்றம் என்று பெயர். பழைய காலத்துக் குறியேற்றங்களில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் உலகம் முழுவதும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். மீதி 128இல் அவரவர் மொழியை நட்டுக்கொண்டார்கள்.

ரஷ்யர்கள் ஒரு முறை நட்டிருந்தால் தொல்லை இல்லை. பல முறை நட்டார்கள். யூனிக்ஸ் கணினிகளில் கோய்-8, விண்டோஸுக்கு முந்தைய டாஸில் 866 என்ற பட்டியல், விண்டோஸில் 1251, பன்னாட்டுத் தர அமைப்பு வெளியிட்டது இன்னொன்று. ரஷ்ய மொழியின் முதல் எழுத்தான பெரிய 'அ'வுக்கு இவற்றில் முறையே 225, 128, 192, 176 என்று எண்கள். ஒரே எழுத்து, நான்கு விலாசம். திருப்பியும் பாருங்கள்: 192 என்ற எண் விண்டோஸ் 1251இல் ரஷ்யப் பெரிய 'அ'. அதே 192 கோய்-8இல் சின்ன 'யு'. மேற்கு ஐரோப்பியப் பதிவேட்டில் அது தலையில் சாய்ந்த கோடு போட்ட 'ஏ'.

அக்காவின் கணினியில் நடந்தது இதுதான். விடுதி அலுவலகத்தின் பழைய கணினி 1251 பதிவேட்டின்படி எண்களை எழுதியது. இங்கே திறந்த கணினி மேற்கு ஐரோப்பியப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தது. எண்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. கொம்பு முளைத்தது படித்த விதத்தில்தான்.

இந்தக் கிறுக்கலுக்கு ரஷ்யர்கள் 'கிரகஸ்யாப்ரி' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு ரஷ்யப் பெண் தன் முகவரியை மின்னஞ்சலில் பிரான்சுக்கு அனுப்ப, அங்கே திரையில் தெரிந்த கிறுக்கலை அப்படியே கையால் பார்சல் மேல் எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பார்சல் ரஷ்யா போய்ச் சேர்ந்தது. அங்கே அஞ்சல் ஊழியர்கள் ஒவ்வொரு கிறுக்கலுக்கும் நேரான ரஷ்ய எழுத்தை அதன் மேலேயே எழுதி, முகவரியைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த உறையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஊழியர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவர்களால் அது முடிந்ததற்குக் காரணமும் உண்டு: கிறுக்கல் என்பது குப்பை இல்லை. ஒழுங்கான எண்களைத் தவறான பதிவேட்டில் பார்த்ததுதான் கிறுக்கல். சரியான பதிவேடு கிடைத்தால் எழுத்து திரும்பி வந்துவிடும்.

கோய்-8 பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதில் ரஷ்ய எழுத்துகள் அகரவரிசையில் இல்லை. பெரிய 'அ'வின் 225இலிருந்து 128ஐக் கழித்தால் 97 வரும்; அது ஆங்கிலச் சின்ன 'ஏ'. பெரும்பாலான எழுத்துகளை இப்படியே அமைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சில தகவல் தொடர்புகள் எண்ணிலிருந்து அந்த 128ஐ வழியிலேயே நறுக்கிவிடும். நறுக்கினாலும் மிஞ்சுவது ஆங்கில எழுத்தில் ரஷ்ய ஒலியாகப் படிக்கக்கூடியதாக இருக்கும். வாய்க்கால் உடைந்தாலும் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்ச் சேரும்படி வரப்பு போட்டதைப் போன்ற வேலை அது.

அக்காவின் கோப்பை நான் லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண மென்பொருளில் திறந்தேன். திறக்கும்போது கோப்பு வகையாக 'குறியேற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரை' என்பதைக் குறித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 'சிரிலிக், விண்டோஸ் 1251' என்பதைத் தொட்டதும் கொம்புகள் மறைந்து ரஷ்ய முகவரி வந்து நின்றது. வேர்டிலும் வெறும் உரைக் கோப்பைத் திறக்கும்போது இதே வசதி கிடைக்கும். சிரிலிக் என்பது ரஷ்ய மொழி எழுதப்படும் எழுத்து முறையின் பெயர். பல்கேரியன், உக்ரேனியன், மங்கோலியன் போன்ற மொழிகளும் அதில் எழுதப்படுகின்றன.

ஊர் எல்லையை அழித்த பதிவேடு

நாடு முழுவதுக்கும் ஒரே தொடர் வரிசையில் புல எண் கொடுத்துவிட்டால் ஊர்ப் பெயரே கேட்க வேண்டாம் அல்லவா? அதைச் செய்ததுதான் யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே பதிவேடு. முதல் பதிப்பு 1991இல் வந்தது. ரஷ்ய எழுத்தும் தமிழ் எழுத்தும் அதிலேயே இருந்தன. ரஷ்யப் பெரிய 'அ'வின் எண் 1040. நம் 'அ'வின் எண் 2949. இரண்டும் மோதிக்கொள்ள வழியே இல்லை. அதனால்தான் இன்று ஒரே கோப்பில் தமிழையும் ரஷ்யனையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத முடிகிறது.

நமக்கும் திஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஊருக்கொரு பதிவேடு இருந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். ரஷ்யர்களும் நாமும் ஒரே சேற்றில் நடந்து கரையேறியவர்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எழுத்து என்பது எண், எண்ணைப் படிக்கும் பதிவேடு குறியேற்றம், பதிவேடு மாறினால் கிறுக்கல், எல்லோருக்கும் பொதுவான பதிவேடு யூனிகோடு.

'ஃபான்ட் ஏற்று' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

எண் சரியாக இருக்கிறது. அதைத் திரையில் வரைய ஓர் உருவம் வேண்டும். எண்களுக்கு உரிய உருவங்களின் தொகுப்புதான் எழுத்துரு. ஃபான்ட் என்று நாம் சொல்வது இதைத்தான். புல எண் 112இல் குறுவை போட்டாலும் தாளடி போட்டாலும் அது 112தான். அதுபோல எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் தோற்றம்தான் மாறும், எண் மாறாது.

மாறக் கூடாது என்று சொல்ல வேண்டும். பாமினி காலத்தில் நாம் அதை மீறினோம். ஆங்கிலச் சின்ன 'எம்' எழுத்தின் இடத்தில், 109ஆம் எண்ணில், 'அ'வின் உருவத்தை வரைந்து வைத்தோம். 'அம்மா' என்று தட்டினால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகும். பாமினி எழுத்துரு இருந்தால் 'அம்மா'. இல்லாத கணினியில் ஐந்து ஆங்கிலத் துண்டுகள். திருமண அழைப்பிதழும் நோட்டீசும் அடித்த நம் ஊர் டி.டி.பி. கடைகள் பல ஆண்டுகள் இதில்தான் பிழைத்தன. எழுத்துருவை ஏற்றினால் தமிழ் வந்தது, ஏற்றாவிட்டால் வரவில்லை. ஆகவே 'மொழி என்றால் எழுத்துரு' என்று மனத்தில் பதிந்துவிட்டது.

ரஷ்யனுக்கு அந்தக் கவலை இல்லை. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் போன்ற அன்றாட எழுத்துருக்களிலேயே ரஷ்ய உருவங்கள் இருக்கின்றன. சொல்லப்போனால், கணினிக்குத் தமிழை விட ரஷ்யன் எளிது. நாம் 'கொ' என்று எழுதினால் ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் போட்டு அடுக்க வேண்டும். ரஷ்யனில் ஓர் எண், ஓர் உருவம், இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தால் முடிந்தது.

நோயை அடையாளம் கண்டுகொள்ள மூன்று அறிகுறிகள் போதும். எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரிந்தால் எண் சரி, உருவம் இல்லை. அப்போதுதான் எழுத்துருவைத் தேட வேண்டும். கிறுக்கல் தெரிந்தால் பதிவேடு தவறு. குறியேற்றத்தை மாற்ற வேண்டும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் பெரும்பாலும் வழியிலேயே ஏதோ ஒரு மென்பொருள் தனக்குத் தெரியாத எழுத்தையெல்லாம் எறிந்துவிட்டு, கேள்விக்குறியின் எண்ணான 63ஐ இட்டு நிரப்பியிருக்கிறது. அதை மீட்க முடியாது. மீண்டும் அனுப்பச் சொல்வதே வழி.

விசை: கல்லணையின் மதகுகள்

இனி தட்டுவதற்கு வருவோம். இங்கேதான் "ரஷ்ய கீபோர்டு வாங்க வேண்டும்" என்ற பேச்சு முளைக்கிறது.

விசைப்பலகை எந்த எழுத்தையும் கணினிக்கு அனுப்புவதில்லை. 'இரண்டாம் வரிசையில் நான்காவது விசை அழுந்தியது' என்று இடத்தை மட்டுமே சொல்கிறது. அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் ஒரு பட்டியல். அதற்கு விசையமைப்பு என்று பெயர். கல்லணையில் வந்து நிற்கும் தண்ணீர் ஒன்றுதான். எந்த மதகைத் தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அது காவிரியிலோ வெண்ணாற்றிலோ கல்லணைக் கால்வாயிலோ கொள்ளிடத்திலோ போகிறது. விரல் அழுத்தம் அந்தத் தண்ணீர், விசையமைப்பு மதகு. ஆங்கில அமைப்பில் 'எஃப்' தரும் அதே விசை, ரஷ்ய அமைப்பில் 'அ' தரும். விசையின் மேல் அச்சிட்ட எழுத்து நம் கண்ணுக்கு மட்டுமே; கணினிக்கு அது தெரியாது. தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பில் தட்டுகிறவர்கள் ஆங்கில விசைப்பலகையில்தானே தட்டுகிறார்கள்?

ரஷ்ய மொழிக்கு 33 எழுத்துகள். ஆங்கில எழுத்து விசைகளோ 26. மீதி ஏழு எங்கே போகும்? சதுர அடைப்புக்குறிகள் இரண்டு, அரைப்புள்ளி, மேற்கோள், காற்புள்ளி, முற்றுப்புள்ளி, இடது மேல் மூலையில் 1க்கு முன்னால் இருக்கும் விசை: சரியாக ஏழு. அதனால் ரஷ்ய அமைப்பில் முற்றுப்புள்ளி தன் பழைய இடத்தில் இருக்காது. அதற்கு வலப்பக்கத்துச் சாய்கோட்டு விசைக்குக் குடிபெயர்ந்திருக்கும். புதிதாகத் தட்டுகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

இந்த வழக்கமான அமைப்பில் நடு வரிசையில் ஆள்காட்டி விரல்களுக்குக் கீழே அ, ப, ர, ஒ ஆகிய ரஷ்ய எழுத்துகள் கிடக்கின்றன. அடிக்கடி வருபவை அவை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் தேறிய விரல்களுக்கு இதன் நியாயம் சட்டென்று விளங்கும்.

ஒலியை ஒட்டிய அமைப்பும் ஒன்று உண்டு. 'கே' தட்டினால் க, 'எம்' தட்டினால் ம. விண்டோஸில் அதற்கு 'ரஷ்யன் நெமோனிக்' என்று பெயர். எப்போதாவது நான்கு சொல் தட்டுகிறவர்களுக்கு இது போதும். ஆனால் ரஷ்யாவில் போய்ப் படிக்கப் போகிற பிள்ளைகள் வழக்கமான அமைப்பையே பழக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே கல்லூரியிலும் வங்கியிலும் எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் அதுதான் இருக்கும். இங்கேயே ஒரு மாதம் பழகிவிட்டுப் போனால் அங்கே போய்க் கண்கலங்க வேண்டாம்.

செய்முறை

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து, 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' செல்லுங்கள். அங்கே மொழியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி ரஷ்யனைத் தேர்ந்தெடுங்கள். அப்போது 'இதை விண்டோஸின் காட்சி மொழியாக்கவா' என்ற பொருளில் ஒரு கட்டம் வரும். அதில் குறி போடாதீர்கள். போட்டால் கணினியின் பட்டியல்கள், அறிவிப்புகள் எல்லாம் ரஷ்யனுக்கு மாறிவிடும். பலர் பயப்படுவது இதற்குத்தான். காட்சி மொழி வேறு, விசையமைப்பு வேறு. ஒன்றைச் சேர்த்தால் மற்றது மாற வேண்டியதில்லை.

சேர்ந்த பிறகு விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினால் அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். எந்த எழுத்து எங்கே என்று பார்க்க விண்டோஸ், கன்ட்ரோல், 'ஓ' மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு விசைப்பலகை எழுந்து ரஷ்ய எழுத்துகளைக் காட்டும். விசைகளின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரும் உண்டு, வேண்டுமானால் வாங்கலாம்.

மேக் கணினியில் கீபோர்டு பகுதியில் உள்ளீட்டு மூலங்களில் சேர்க்க வேண்டும். கைபேசியில் விசைப்பலகையின் மொழிப் பட்டியலில் ரஷ்யனைச் சேர்த்தால் உருண்டை உலகப் படம் போட்ட விசையால் மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. முதல் நாள் ரஷ்ய அமைப்பை மாற்ற மறந்துவிட்டு நான் கடவுச்சொல்லைத் தட்டினேன். திரையில் புள்ளிகள்தானே தெரியும்? மூன்று முறை தவறு என்று வந்த பிறகுதான் உறைத்தது. கடவுச்சொல், மின்னஞ்சல் முகவரி இரண்டுக்கும் முன்னால் அமைப்பு ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே முகம், வேறு ஆள்

ரஷ்ய எழுத்துகளில் பல ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் முகத்தோடு இருக்கும். சில ஒலியிலும் ஒத்துப்போகும். சில போகாது: ஆங்கில 'பி' போலத் தெரிவது அங்கே 'ர', 'எச்' போலத் தெரிவது 'ன', 'சி' போலத் தெரிவது 'ஸ'. ரஷ்ய வாகன எண் பலகைகளில் இப்படி இரண்டு பக்கமும் முகம் ஒத்த 12 எழுத்துகளை மட்டுமே பயன்படுத்துகிறார்கள், வெளிநாட்டிலும் படிக்க வேண்டும் என்பதற்காக.

மனிதக் கண்ணுக்கு இது வசதி. கணினிக்கு முகம் பொருட்டல்ல, எண்தான் பொருட்டு. தமிழிலேயே இது உண்டு. 'ஔவை' என்பதை ஔகாரத்தால் எழுதினாலும், ஒகரத்தோடு ளகரம் சேர்த்து எழுதினாலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. அறை எண், ஒப்பந்த எண் போன்றவற்றில் ரஷ்ய எழுத்து வந்தால் பார்த்துத் தட்டாதீர்கள். அனுப்பியதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

அக்காவின் பார்சலுக்கான முகவரிச் சீட்டை இப்படித்தான் அச்சிட்டோம். முகவரி ரஷ்யனில்; கடைசி வரியில் நாட்டின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில், நம் அஞ்சலகம் படிக்க. அங்கும் அஞ்சல் குறியீடு நம் 612001 போல ஆறு இலக்கம்தான் என்பதைப் பார்த்து அக்காவுக்கு ஏனோ ஒரு நிம்மதி.

போவதற்கு முன் தானே ஒரு சொல் தட்ட வேண்டும் என்றார். அம்மா என்பதற்கு ரஷ்யனில் 'மாமா' என்று சொன்னேன். "நம்ம மாமாவா?" என்றார். பெரிய எழுத்தில் எழுதினால் அது ஆங்கிலத்தில் எழுதிய 'மாமா' போலவே அச்சாகத் தெரியும். ஆங்கிலத்தில் தட்டினால் உள்ளே 77, 65, 77, 65. ரஷ்யனில் தட்டினால் 1052, 1040, 1052, 1040. திரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை அவருக்கு. "எனக்கு ரஷ்ய எண்தான் வேண்டும்" என்றார்.

விண்டோஸ் விசை, இடைவெளி விசை. பிறகு ஒற்றை விரலால் வி, எஃப், வி, எஃப். அனுப்பினார். கசானிலிருந்து தமிழில் பதில் வந்தது: "அம்மா, இதை யார் தட்டினார்கள்?"